சாந்தாமணி வீட்டு பி.பி. நம்பர்

எங்கம்மா சாந்தாமணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கோயமுத்தூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பார்க்க முடியாது. வானம் லேசாக உறுமினால் போதும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்களையும் நடுஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். குக்கர் விசில் அடிக்கும்போது சமையலறைக்குள் நிற்கமாட்டாள். அப்பா சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் லாரியில் அடிபட்டுவிட்டார் என்று முடிவே கட்டி, மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவாள். "நான் செத்தாக்கூட நீ அழறதுக்குப் புதுசா ஒண்ணும் மிச்சம் இருக்காது சாந்தாமணி" என்பார் அப்பா.

இப்படிப்பட்டவளை நம்பித்தான் சவுரிபாளையத்தில் எங்கள் வீதியே ஒரு டெலிபோனை ஒப்படைத்திருந்தது. என் அப்பா நஞ்சுண்டன் பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் சப்ளை செய்துகொண்டிருந்தார். அவர் தொழிலுக்காக எங்கள் வீட்டுக்குப் போன் சீக்கிரம் வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தார்கள். நான் சொல்வது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். அப்போது போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தங்கள் நம்பராகக் கொடுத்து, ஓரத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வது வழக்கம். எங்கள் வீதியில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் எங்கள் நம்பர்தான் இருக்கும். மணி அடித்தால் அம்மா எடுப்பாள். "ஒரு நிமிசம் இருங்க, கூப்புடறேனுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடி வீதி அதிரக் கத்துவாள். வந்தவர்கள் எங்கள் ஹாலில் நின்று பேசுவார்கள். நாங்கள் காதில் எதுவும் விழாத மாதிரி டி.வி. பார்ப்போம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லாமே எங்களுக்குத் தெரியும்.

எதிர்வீடு வேலுமணி மாமா வீடு. லேத் பட்டறை வைத்திருந்தார். அம்மா அவரை அண்ணா என்று கூப்பிடுவதால் எனக்கு மாமா, மற்றபடி ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அவருடைய ஒரே மகள் லோகப்பிரியா அவிநாசி ரோட்டில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நான் பிளஸ் ஒன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் லோகு அக்காதான். கணக்கு வராவிட்டால் ஸ்கேலால் மண்டையில் தட்டுவாள், வந்துவிட்டால் அதே மண்டையில் தடவிக்கொடுப்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை படிப்பை முடித்து ஒரு வேலைக்குப் போவது.

வேலுமணி மாமாவுக்குப் பெண்ணைப் படிக்கவைப்பதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. காலேஜில் சேர்த்த அன்றைக்கே எங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "படி அம்மணி. வேண்டாங்கலை. ஆனா உம்மேல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நெசமோ பொய்யோ, அன்னைக்கே படிப்பு முடிஞ்சுது. தரகர் கொண்டாற மொத ஜாதகத்துக்குத் தலையாட்டிப்போடுவேன்." அது வெறும் மிரட்டல் இல்லை. லோகுவின் ஜாதகம் அப்போதே அவிநாசித் தரகர் பையில் இருந்தது. அதன் அடியிலும் எங்கள் நம்பர்தான், பி.பி.

ஆவணி பிறந்த சமயம், ஒரு மத்தியானம் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் போனில் பேசுகிறவர் குரல் ஹால் முழுக்கக் கேட்கும்.

"ஏனுங்க, லோகப்பிரியா ஊடுங்களா?"

"எதுத்த ஊடுங்க. நீங்க ஆருங்க?"

"கரூர்லருந்து அருள்குமார் பேசறேனுங்க. அவங்க விசயமாப் பேசோணுமுங்க."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "தரகர் சொன்னாருங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். "ஆமாங்க."

எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க வருகிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்பார்கள். கேட்டால் நாலு நல்ல வார்த்தை எடுத்துவிடுவது எதிர்வீட்டுக்காரர்களின் கடமை. குறைத்துச் சொல்லி ஒரு கல்யாணம் தட்டிப்போனால் அந்தப் பாவம் யாருக்கு? அம்மா அந்தக் கடமையை அன்றைக்குச் சோறு தண்ணி இல்லாமல் செய்தாள். "தங்கமான புள்ளைங்க. தானுண்டு தன் படிப்புண்டுன்னு இருக்குமுங்க. டவுன் பஸ்ஸுலதான் போகும், வரும். சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல பிரிவு ஸ்டாப்புல எறங்கி நடந்து வருமுங்க, தல நிமுந்து ஒருத்தரைப் பாக்காது. ஊடு தண்ணித்தொட்டிக்கு நேரா, பச்சைக் கேட்டுங்க. நீங்க தாராளமா விசாரிச்சுக்கலாமுங்க." காலேஜ் எது, கூடப் போகும் தோழி யார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது என்று ஒன்றையும் விடவில்லை.

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "என்ன பணிவுங்கறே! வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடறாரு. நல்ல ஊட்டுப் பையன்." இது எங்கள் பக்கத்து வியாதி. மரியாதையாகப் பேசுகிறவன் மரியாதைக்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவோம். அவன் மறுபடியும் இரண்டு தரம் கூப்பிட்டு லோகுவோடு பேசவேண்டும் என்று கேட்டான். கல்யாணத்துக்கு முன்னால் அது முறையில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். வேலுமணி மாமாவிடம் மூச்சுவிடவில்லை. தரகர் வந்து முறையாகச் சொல்லட்டும், நாம் முந்திரிக்கொட்டையாக இருக்கக்கூடாது என்பது அவள் எண்ணம்.

அதற்கப்புறம் வேறு போன்கள் வர ஆரம்பித்தன.

முதல் ஆள் 'ங்க' போடவில்லை. "லோகப்பிரியா இருக்காளா?" என்றான். அம்மா வழக்கம்போல ஆரம்பிப்பதற்குள் அவன் என்னவோ சொன்னான். அம்மாவின் முகம் அப்படியே செத்துப்போனது. ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். நான் என்னவென்று கேட்டேன். "ராங் நம்பரு" என்றாள். மறுபடியும் மணி அடித்தது. அது வேறு குரல், இங்கிலீஷ் கலந்து. அப்புறம் பம்பாயிலிருந்து இந்தியில் ஒருத்தன். எல்லாருக்கும் லோகப்பிரியாதான் வேண்டும். ஒரு நாயும் யோக்கியமாகப் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போய்விட்டது. மணி அடித்தால் அம்மாவுக்குப் பயம், ஆனாலும் வேறு யாரையும் எடுக்க விடமாட்டாள். நான் ஸ்கூலிலிருந்து வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் குளிக்கவே போவாள். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துப் பார்த்தாள். பண்ணைக்காரர்களுக்கு லைன் கிடைக்காமல் அப்பா வந்து காச்சுமூச்சென்று கத்தினார். தலையணையைப் போட்டு அமுக்கிப் பார்த்தாள். தலையணைக்குள்ளிருந்தும் அது அடித்தது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. வேலுமணி மாமா காதுக்கு ஒரு சொல் போனாலும் லோகுவின் படிப்பு அன்றோடு சரி.

ஒருநாள் சாயங்காலம் வேலுமணி மாமாவே எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ராஜபாளையத்திலிருந்து அவருக்கு ஒரு பார்ட்டி கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததாம். அம்மா காப்பி போட உள்ளே போனாள். மணி அடித்தது. "எனக்குத்தான்" என்று மாமா கையை நீட்டினார். அம்மா வந்த வேகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கையில் கரண்டியோடு பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஆரு சாந்தாமணி?"

"ராங் நம்பருங்ண்ணா" என்று வைத்துவிட்டாள்.

"ஒரு ராங் நம்பருக்கா இத்தனை நேரம்?" என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொறுக்கமுடியாமல் நான் லோகு அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கிளாஸில் கொஞ்சநாளாகவே பையன்கள் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. முந்தின நாள் அவள் டெஸ்க்கில் யாரோ சாக்பீஸால் ஒரு வெப்சைட் முகவரியை எழுதிவைத்திருந்தார்களாம். தனியாகப் போய்ப் பார்க்கப் பயந்துகொண்டு அதை மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ஹோப்ஸ் காலேஜ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள்.

பலகை வைத்துத் தடுத்த குட்டிக்குட்டி அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் அந்த முகவரியை அடித்தாள். அப்போது இன்டர்நெட்டில் ஒரு படம் வருவதற்குள் உயிர் போய்விடும், மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். முதலில் நெற்றி வந்தது. அதில் ஒரு சாந்துப்பொட்டு. லோகு என் கையைப் பிடித்தாள். புருவம் வந்தது. கண் வந்தது. எனக்கு அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காலேஜில் ஊட்டிக்கு டூர் போனபோது எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தான் எவனோ. படத்துக்குக் கீழே அவளே எழுதியது போல இங்கிலீஷில் சில வரிகள். அவற்றை நான் இங்கே சொல்லமாட்டேன். அதற்கும் கீழே எங்கள் வீட்டு நம்பர். கிளாஸ் ரெஜிஸ்டரில் அவள் கொடுத்திருந்த அதே பி.பி. நம்பர்.

அந்தப் பக்கத்திலேயே ஒரு சாட் ரூமின் பெயரும் இருந்தது. லோகு அதையும் திறந்தாள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஓரத்தில் பெயர்கள் வரிசையாக நின்றன. நடுவில் லோகப்பிரியா. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த லோகப்பிரியா யாருக்கோ பதில் எழுதினாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகப்பிரியாவின் கை கீபோர்டிலேயே இல்லை. பக்கத்துத் திரைக்குள் டக் டக்கென்று யாரோ தட்டும் சத்தம் கேட்டது. அது அவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தத் திரைக்குள் இருப்பவனும் அவனாக இருக்கலாம். நாங்கள் எழுந்து ஓடினோம். நடுரோட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்டி. சத்தியம் பண்ணு, சொல்லமாட்டேன்னு" என்றாள்.

மாமாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெப்சைட், சாட் ரூம் எதுவும் அம்மாவுக்குப் புரியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் புரிந்தது. "அப்ப அந்தக் கரூர்க்காரரு?" என்றாள். தரகர் இன்னும் எந்த ஜாதகமும் கொண்டுவரவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பஸ்ஸு, நேரம், கேட்டுக் கலரு, எல்லாத்தையும் என்ற வாயாலயே சொல்லிப்போட்டேனே கண்ணு."

அடுத்த வெள்ளிக்கிழமையே அந்தக் கரூர்க்காரன் வந்துவிட்டான்.

சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டு ஓடினோம். லோகு ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்து அவர்கள் வீட்டுப் பச்சைக் கேட்டுக்குள் புகுந்தாள். பின்னாலேயே முப்பது வயசு மதிக்கத்தக்க ஓர் ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஸ்வீட் பாக்ஸும் ஒரு முழம் மல்லிகையும். "லோகு, ஏனுங்க ஓடறீங்க? நீங்கதானுங்களே வரச்சொன்னீங்க?" என்று கேட்டபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டறையிலிருந்து டீ குடிக்க வந்திருந்த வேலுமணி மாமா வெளியே வந்தார். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். வீதி கூடிவிட்டது. லோகுவின் அம்மா பழனாத்தாள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆரு அம்மணி இவன்?"

"தெரியாதுங்ப்பா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதவன் பேரைச் சொல்லிக் கூப்புடுவானா? நீ எறங்கற ஸ்டாப்பு எப்படித் தெரியும்? நேரம் எப்படித் தெரியும்? இத்தனை ஊட்டுல இந்த ஊட்டுக்கு எப்படி நேரா வந்து நிக்கறான்?"

எப்படி என்று லோகுவுக்கே தெரியாது.

"இனிமே காலேஜ் கெடையாது" என்றார் மாமா. கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டு கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நடுக்கத்தில் கிரில்லே ஆடியது. பக்கத்தில் அப்பா. கூடியிருந்த அத்தனை பேரும் அந்தப் போனை நம்பிப் பெண்களின் ஜாதகத்தில் நம்பர் போட்டவர்கள். இவள் வாயைத் திறக்கமாட்டாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். ஆத்திரமாக வந்தது. அவளைப் பிடித்துத் தள்ளலாமா என்றுகூட இருந்தது.

அம்மா வீதியைத் தாண்டிப் போனாள்.

"அண்ணா, அது நானுங்க."

யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னாள். "நாந்தானுங்க சொன்னேன். பஸ்ஸு, நேரம், ஊடு, எல்லாம். மாப்ள ஊட்டுக்காரருன்னு நெனச்சு போன்ல சொல்லிப்போட்டேனுங்க. இவுரு மட்டுமில்லீங்க, கண்ட கண்டவனெல்லாம் புள்ள பேரைச் சொல்லிக் கூப்புடறான். உங்ககிட்ட மறைச்சுட்டேனுங்க. புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்ண்ணா. அடிக்கறதுன்னா என்னை அடிங்க."

"அடி பாவி, உனக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா!" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கும்பிட்டபடி மாமா முன்னால் நின்றாள். புடவைத் தலைப்பு கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்த அருள்குமாருக்கு அம்மாவின் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. "போன்ல பேசுனது நீங்களுங்களா?" என்றான். அப்புறம் லோகுவைப் பார்த்தான். கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் வேலையாம். ஆடி மாசத்துக்கும் முன்னாலிருந்து தினமும் ஈமெயிலாம், சாட்டாம். அம்மா அப்பா விஷயம் எல்லாம் அவள் எழுதினாளாம், வந்து பேசச் சொன்னாளாம். லோகு தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்றாள். அவன் முகம் மெல்ல மாறியது.

"அப்ப இத்தனை நாளா எனக்கு எழுதுனது ஆருங்க?" என்றான்.

லோகு அழுதுகொண்டே அந்தப் பக்கத்தைப் பற்றி, அந்தப் போட்டோவைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவன் ஸ்வீட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மாமாவின் கை அவன் சட்டையை எப்போது விட்டது என்று நான் கவனிக்கவில்லை. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ற புள்ள எந்த பஸ்ஸுல போகுதுன்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எவனெவனுக்கோ தெரிஞ்சிருக்குது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோகுவும் ஒரு லெக்சரர் அம்மாவும் அந்த வெப்சைட் கம்பெனிக்கு எழுதி எழுதி, ஒருவழியாக அந்தப் பக்கத்தை எடுக்கவைத்தார்கள். அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. செய்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. டூர் போட்டோ கிளாஸில் எல்லாரிடமும் இருந்தது, ரெஜிஸ்டரை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அப்பா அலைந்து திரிந்து எங்கள் நம்பரை மாற்றினார். அம்மா புது நம்பரை வீதியில் ஒருத்தருக்கும் தரவில்லை. "ரொம்பத்தான் அலட்டிக்கறா" என்று சிலர் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டாள். போனில் எவனாவது "ஏனுங்க, அது ஆரு ஊடுங்க?" என்று குழைந்தால், "நீங்க ஆருக்குப் பண்ணுனீங்க, மொதல்ல அதைச் சொல்லுங்க" என்று சீறுவாள். பயம் மட்டும் போகவே இல்லை. இருந்ததைவிட எச்சாகத்தான் ஆனது.

ஆனால் அந்தச் சம்பவத்துக்கு அடுத்த திங்கட்கிழமை நடந்ததை நான் கட்டாயம் சொல்லவேண்டும். காலையில் வேலுமணி மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "சாந்தாமணி, புள்ள காலேஜுக்குப் போகுது. பஸ் ஏத்திவுட்டுட்டு வா" என்றார். அம்மா கலங்கிய கண்ணோடு அப்படியே கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

பிரிவு பஸ் ஸ்டாப் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். ஸ்டாப்பில் நிற்கிற ஒவ்வொரு ஆளையும் அம்மா மேலும் கீழும் பார்த்தாள். லோகு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, அதையெல்லாம் எழுதுனவன் இன்னைக்கும் அந்தக் கிளாஸ்லதானுங்க உக்காந்திருப்பான்?"

இல்லை என்றோ, சாமி இருக்கிறது என்றோ அம்மா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"ஆமாங் கண்ணு, அங்கதான் இருப்பான்" என்றாள். "நீ ஏறு."

லோகு ஏறினாள்.